நுரைக்காத சவரக் கிரீமும் அட்டையின் பின்பக்கமும்

கேள்வி: எனக்கு 34 வயது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தினமும் சவரம் செய்தாக வேண்டும். வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். பிரஷ் போட்டுத் தேய்க்கும் கிரீம் அதில் நுரைப்பதே இல்லை. முகம் காய்ந்து வெளுத்துப்போகிறது. அதனால் பிரஷ் தேவைப்படாத கிரீமுக்கு மாறினேன். முதல் வாரம் மிகவும் சுகமாக இருந்தது. இப்போது மூன்று வாரங்களாகக் கழுத்தில் சிவந்த தடிப்பும் அரிப்பும் இருக்கின்றன. தாடைக்குக் கீழே சிறு கொப்புளங்கள். மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் போடுகிறேன். போட்டால் அடங்குகிறது, விட்டால் வருகிறது. மூன்று பிளேடு ரேசரால் கீழிருந்து மேலாகச் சவரம் செய்வது என் வழக்கம். கிரீமின் அட்டையில் இருக்கும் பட்டியல் இது: தண்ணீர், ஸ்டியரிக் ஆசிட், மினரல் ஆயில், கிளிசரின், ட்ரைஎத்தனோலமின், சீட்டைல் ஆல்கஹால், லேனோலின், பெர்ஃப்யூம், மெந்தால், மெத்தில் பாரபென், புரோப்பைல் பாரபென். ஆல்கஹால் இருப்பதால்தான் அரிக்கிறதா? பாரபென் புற்றுநோய் தரும் என்கிறார்களே? ‘இயற்கை’ என்று எழுதியிருக்கும் கிரீமுக்கு மாறலாமா? நுரையே இல்லாமல் முடி மென்மையாகுமா?

தோல் மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கிரீமைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் களிம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவசரம் அதில்தான் இருக்கிறது. களிம்பின் பெயரை நீங்கள் எழுதவில்லை. டியூபை எடுத்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதேனும் அதில் இருந்தால் அது ஸ்டீராய்டு. போட்டால் அடங்கி, விட்டால் திரும்பி வரும் அரிப்பைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வருகிறது. முகத்திலும் கழுத்திலும் மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டே இருந்தால் தோல் மெலிந்துவிடும், நரம்போடியது போல நுண் ரத்தக்குழாய்கள் தெரியும், பரு பெருகும். ஒருவேளை உங்களுக்கு இருப்பது படர்தாமரை என்றால், அது மேலே சிவப்பு குறைந்ததுபோல் காட்டிக்கொண்டு உள்ளுக்குள் பரவும். தாடிப் பகுதியிலும் படர்தாமரை வரும் என்பது பலருக்குத் தெரியாது. வாரக்கணக்கில் போட்டிருந்தால் டியூபையும் எடுத்துக்கொண்டு ஒரு தோல் மருத்துவரிடம் போய், எப்படி நிறுத்துவது என்று கேட்டு நிறுத்துங்கள். இந்தப் பதிலில் வேறு எதையும் நீங்கள் பின்பற்றாவிட்டாலும் இதைப் பின்பற்றுங்கள்.

இனிக் கிரீமுக்கு வருவோம். நுரை இல்லாமல் முடி மென்மையாகுமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. அதற்கு முதலில் பதில் சொன்னால் மற்றவை எளிதாகிவிடும்.

தாடி முடியை மென்மையாக்குவது தண்ணீர். நுரைக்கு அந்தச் சக்தி கிடையாது. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளை இறுக்கிப் பிடித்திருக்கும் பிணைப்புகளில் ஒரு பகுதி நீர் புகுந்தால் தளர்ந்துவிடும். முடி சற்றுப் பருத்து, வெட்டுவதற்கு இளகிக் கொடுக்கும். காய்ந்த பனையோலையை முடைய முடியாது, நனைத்தால் வளைந்து கொடுக்கும் அல்லவா, அதைப் போலத்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் சுமார் இரண்டு நிமிடங்கள் நனைந்திருந்தாலே தாடி முடி பெரும்பாலும் ஊறிவிடும். அந்த ஈரம் காயாமல் பிடித்துவைப்பதும், பிளேடு தோலில் உரசாமல் வழுக்கிச் செல்ல ஒரு படலம் தருவதுமே எந்தக் கிரீமுக்கும் உரிய வேலை. பிரஷால் எழுப்பும் நுரை இதை ஒரு வழியில் செய்கிறது, பிரஷ் தேவைப்படாத கிரீம் வேறு வழியில் செய்கிறது.

நுரைக்கும் கிரீம் அடிப்படையில் குழைத்த சோப்பு. ஸ்டியரிக் அமிலத்தையும் தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களையும் பொட்டாசியம், சோடியம் காரங்களோடு சேர்த்துச் செய்வது. அதன் பிஎச், அதாவது கார அமில அளவு, 9 முதல் 10 வரை இருக்கும். நம் தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை கொண்டது. அந்தக் காரம் தோலின் எண்ணெயையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போய்விடும். உங்கள் முகம் காய்ந்து வெளுத்ததற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் உங்கள் கிணறு. கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த உப்புத் தண்ணீரில் சோப்பின் கொழுப்பு அமிலம் அந்த உலோகங்களோடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகிவிடும். பக்கெட்டின் உட்புறத்தில் படிகிறதே, அதே கசடுதான். நுரைக்க வேண்டிய சோப்பெல்லாம் கசடாகிவிட்டால் முகத்துக்கு என்ன மிஞ்சும்? எனவே நீங்கள் கிரீமை மாற்றியது சரியான முடிவு. அரிப்பு வந்துவிட்டதே என்று பழைய கிரீமுக்கே திரும்பிவிடாதீர்கள்.

பிரஷ் தேவைப்படாத கிரீம் வேறு குடும்பம். நம் பாட்டிமார்கள் முகத்தில் பூசிய ‘ஸ்னோ’வுக்கு அது நெருங்கிய உறவு. தண்ணீருக்குள் எண்ணெயும் மெழுகும் நுண்துளிகளாகக் கலந்திருக்கும் குழம்பு அது. ஸ்டியரிக் அமிலம் அதிலும் உண்டு, சுமார் 10 முதல் 20 சதவீதம் வரை. ஆனால் அதில் ஒரு சிறு பகுதிதான் சோப்பாக மாற்றப்படுகிறது. மீதி மெழுகாகவே இருந்து அந்த வெண்மையையும் முத்துப் போன்ற பளபளப்பையும் தருகிறது. சோப்பு குறைவு என்பதால் காரமும் குறைவு. பிஎச் பெரும்பாலும் 8-ஐ ஒட்டி நிற்கும். இது நேற்று வந்த பொருளும் அல்ல. அமெரிக்காவில் பார்பசால் என்ற கிரீம் 1919-இல் வந்தது. மினசோட்டாவில் பிறந்த பர்மா ஷேவ் 1925-இல் வந்து, நெடுஞ்சாலை ஓரங்களில் பலகைக்கு ஒரு வரியாக எதுகைப் பாட்டு எழுதி வைத்தே வீடுகளுக்குள் நுழைந்தது. பிரஷைக் கழுவிக் காயவைக்க நேரமில்லாத பயணிகளுக்கு அது பெரிய வசதியாக இருந்தது.

பிரஷால் ஒரு நன்மை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அது படுத்திருக்கும் முடிகளைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு முடியின் அடியிலும் நுரையைக் கொண்டு சேர்க்கும். பிரஷ் இல்லாதபோது அந்த வேலையை உங்கள் விரல் நுனிகள் செய்ய வேண்டும். கிரீமை அப்படியே அப்பிவிட்டு உடனே பிளேடை வைத்தால் பலன் பாதிதான்.

இப்போது உங்கள் பட்டியல். வரிசை மாறாமல் எழுதி அனுப்பியதற்கு நன்றி. அந்த வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் இந்திய அழகுசாதன விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவு அதிகமானதிலிருந்து குறைவானது நோக்கி எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் குறைவாகவும் இருப்பவற்றை அதன்பின் எந்த வரிசையிலும் எழுதலாம். 30 கிராமுக்குக் குறைவான சிறு டியூப்களுக்கு இந்தப் பட்டியல் கட்டாயமில்லை. அதனால் புதிய கிரீமைச் சோதித்துப் பார்க்கச் சிறு டியூப் வாங்கும்போதும், அதே கிரீமின் பெரிய டியூபைக் கடையில் எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

முதல் ஐந்து பெயர்கள்தான் கிரீமின் உடல். தண்ணீர், மெழுகாகிய ஸ்டியரிக் அமிலம், வழுக்கலுக்கு மினரல் ஆயில், ஈரத்தைப் பிடித்துவைக்கக் கிளிசரின், ஸ்டியரிக் அமிலத்தில் ஒரு பகுதியைச் சோப்பாக்கி எண்ணெயையும் நீரையும் பிரியாமல் கட்டிவைக்க ட்ரைஎத்தனோலமின். பெட்ரோலியத்திலிருந்து வருகிறது என்பதற்காக மினரல் ஆயிலைக் கண்டு அஞ்ச வேண்டாம். அழகுசாதனத்துக்கென்று சுத்திகரித்த மினரல் ஆயில் தோலில் ஒவ்வாமை உண்டாக்குவது மிக அரிது. எனக்கு அதன்மேல் எந்தப் புகாரும் இல்லை. கிளிசரின் நான்காவது இடத்தில் இருப்பது நல்ல அறிகுறி. இந்த ஐந்தையும் வைத்துப் பார்த்தால் உங்கள் கிரீம் ஒழுங்காகச் செய்யப்பட்ட கிரீம்தான்.

சீட்டைல் ஆல்கஹால் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது எரியும் திரவம் அல்ல, வெள்ளை மெழுகு. வேதியியல் அமைப்பின்படி அதுவும் ஆல்கஹால் வகைதான். ஆனால் 16 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலி என்பதால் அது ஆவியாவதும் இல்லை, தோலைக் காயவைப்பதும் இல்லை. கிரீமைக் கெட்டியாக்கித் தோலை மிருதுவாக வைக்கும். ஸ்டியரைல் ஆல்கஹாலும் சீட்டோஸ்டியரைல் ஆல்கஹாலும் இதே இனம். நீங்கள் தவிர்க்க வேண்டியது எத்தில் ஆல்கஹால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ‘டினேச்சர்டு ஆல்கஹால்’ என்று வருபவற்றைத்தான். அவை சவரக் கிரீமில் அதிகம் இருப்பதில்லை. சவரத்துக்குப் பின் தடவும் லோஷனில் இருக்கும். நீங்கள் அப்படி ஏதாவது தடவுகிறீர்களா என்று எழுதவில்லை. தடவினால் அதை நிறுத்துங்கள்.

கிரீமில் கிருமி வளராமல் காக்கச் சேர்ப்பது பாரபென். அதைப் பற்றிய பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 2004-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில் 20 மார்பகக் கட்டிகளின் திசுக்களை ஆராய்ந்தபோது பாரபென் தென்பட்டது. அது புற்றுநோயை உண்டாக்கியது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத திசுக்கள் கூட அதில் ஆராயப்படவில்லை. ஆனால் செய்தி மட்டும் உலகம் முழுவதும் ஓடியது. ஐரோப்பாவில் மெத்தில் பாரபெனுக்கு 0.4 சதவீதம், புரோப்பைல் பாரபெனுக்கும் பியூட்டைல் பாரபெனுக்கும் சேர்த்து 0.14 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்து இன்றும் அனுமதிக்கிறார்கள். தண்ணீர் நிறைந்த எந்தக் கிரீமுக்கும் கிருமி வளராமல் காக்கும் பொருள் ஒன்று வேண்டும். ஈரக் கையோடு தினமும் திறக்கும் டியூபில் அது இல்லாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். பாரபென் எவ்வளவு அரிதாக ஒவ்வாமை தருகிறது என்றால், அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் 2019-இல் அதை ‘இந்த ஆண்டின் ஒவ்வாமை தராத பொருள்’ என்றே அறிவித்தது. அதே சங்கம் ஆண்டுதோறும் மோசமான ஒவ்வாமைப் பொருள் ஒன்றையும் அறிவிக்கும். 2013-இல் அந்த இடத்தைப் பிடித்தது மெத்தில்ஐசோதயசோலினோன். ‘பாரபென் இல்லாதது’ என்று பெருமையாக அச்சிட்டிருக்கும் அட்டைகளின் பின்புறத்தில் பாரபெனுக்குப் பதிலாக இதைப் பார்த்திருக்கிறேன். பயந்து விலகி, அதைவிடத் தொல்லை தரும் பொருளிடம் போய்ச் சேர்வது எனக்கு வருத்தமான காட்சி. பாரபென் பிடிக்கவில்லை என்றால் பீனாக்சிஎத்தனால் உள்ள கிரீமைத் தேடுங்கள். அதுவும் பெரும்பாலோருக்கு ஒத்துப்போகும்.

அப்படியானால் உங்களுக்குத் தொல்லை கொடுப்பது எது? பட்டியலில் நடுவே இருக்கும் மூன்று பெயர்களைச் சந்தேகிக்கிறேன்: பெர்ஃப்யூம், லேனோலின், மெந்தால்.

முதல் வாரம் சுகமாக இருந்து, பிறகு அரிப்பு தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தகவல் முக்கியமானது. வெறும் எரிச்சல் என்றால் பெரும்பாலும் முதல் சில நாள்களிலேயே தெரிந்திருக்கும். ஒவ்வாமை அப்படி அல்ல. உடலின் எதிர்ப்பு அமைப்பு ஒரு பொருளை அடையாளம் கண்டு பழக ஒரு வாரத்திலிருந்து சில வாரங்கள் வரை எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு ஒவ்வொரு முறை பட்டதும் ஓரிரு நாளில் சிவந்து அரிக்கும். நறுமணப் பொருள்கள் இதில் முன்னணியில் இருப்பவை. பெர்ஃப்யூம் என்ற ஒரு சொல்லுக்குள் பல வேதிப்பொருள்கள் அடங்கியிருக்கும். எவை என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. லேனோலின் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு. மிக நல்ல மிருதுவாக்கி, பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் ஏற்கெனவே சிவந்து விரிசல் விட்ட தோலில் தொடர்ந்து படும்போது சிலருக்கு ஒவ்வாமை வருகிறது. 2023-இல் மேலே சொன்ன சங்கம் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகத் தேர்ந்தெடுத்தது லேனோலினைத்தான்.

மெந்தால் வேறு விதம். அது தோலின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு வாயிலைத் தட்டித் திறந்து, குளிர்கிறது என்று மூளைக்குச் சொல்ல வைக்கிறது. அந்த வாயிலை 2002-இல் தனித்தனியே கண்டறிந்த இரு ஆய்வுக்குழுக்களின் தலைவர்கள், டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும், வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் நரம்பு வாயில்களைக் கண்டறிந்ததற்காக 2021-இல் நோபல் பரிசு பெற்றார்கள். நல்ல தோலுக்கு மெந்தால் சுகம். கீறிய தோலுக்கு அதுவே எரிச்சல். அதைவிட, பிளேடு எங்கே அதிகம் உரசுகிறது என்று தோல் சொல்லும் எச்சரிக்கையை அது மறைத்துவிடுகிறது. சுகமாக இருக்கிறதே என்று நீங்கள் ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை பிளேடை இழுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

‘இயற்கை’ என்று முன்பக்கத்தில் எழுதியிருப்பதற்கு மாறலாமா என்றால், அந்தச் சொல்லை மட்டும் நம்பி மாற வேண்டாம். அத்தகைய பல கிரீம்களில் எலுமிச்சை எண்ணெய், லாவெண்டர் எண்ணெய், தேயிலை மர எண்ணெய் இருக்கும். இவை செடியிலிருந்து வந்த நறுமணப் பொருள்கள். இவற்றில் உள்ள லிமோனீனும் லினலூலும் காற்றுப் பட்டுப் பட்டு மாறிய பிறகு வலுவான ஒவ்வாமைப் பொருள்கள் ஆகிவிடுகின்றன. உங்கள் தோல் மூலப்பொருள் செடியா, ஆலையா என்று பார்ப்பதில்லை. சோற்றுக்கற்றாழைப் படம் போட்ட கிரீமாக இருந்தால் பட்டியலில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பீனாக்சிஎத்தனாலை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை என்பதால், அதற்குப் பின்னால் வரும் எதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. படம் பெரிதாக இருந்தும் கற்றாழை அதற்குப் பின்னால் இருந்தால், படத்துக்குத்தான் விலை கொடுக்கிறீர்கள்.

ஆகவே கடையில் நீங்கள் தேட வேண்டியது நறுமணமே சேர்க்காத, பிரஷ் தேவைப்படாத கிரீம். பட்டியலில் பெர்ஃப்யூம், ஃபிராகரன்ஸ், பர்ஃபம் என்ற சொற்கள் இருக்கக் கூடாது. ‘அன்சென்டட்’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். மூலப்பொருளின் வாடையை மறைக்க அவற்றிலும் சில சமயம் நறுமணம் சேர்ப்பார்கள். லேனோலினும் மெந்தாலும் இல்லாமல் இருக்கட்டும். கிளிசரின் முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் வரட்டும். விலை பற்றிக் கவலை வேண்டாம். இந்த மூலப்பொருள்கள் எதுவும் விலை உயர்ந்தவை அல்ல, மலிவான டியூபிலும் நல்ல கிரீம் கிடைக்கும். ஊரில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை என்றால், கிரீம் வடிவில் வரும் நறுமணமற்ற முகக் கழுவியையோ, மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண நறுமணமற்ற ஈரப்பதக் கிரீமையோ ஈர முகத்தில் தடவிச் சவரம் செய்யலாம். சிலர் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். வழுக்கல் கிடைக்கும், ஆனால் காய்ந்த முடியின் மேல் எண்ணெய் பூசினால் பிறகு தண்ணீர் உள்ளே போகாது.

புதிய கிரீமை வாங்கியதும் முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். முழங்கையின் உள்மடிப்புக்குக் கீழே ஒரு ரூபாய் அளவு இடத்தில் தடவி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அதே இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் செய்யுங்கள். சிவக்கவும் அரிக்கவும் இல்லை என்றால் முகத்துக்குப் போகலாம். அந்த ஒரு வாரமும் சவரத்துக்குப் பதிலாக டிரிம்மரால் தாடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். தினமும் மழிக்க வேண்டும் என்று அலுவலகத்தில் வற்புறுத்தினால் மருத்துவரிடம் ஒரு சான்று கேட்டு வாங்கிக் கொடுங்கள்; உங்கள் தோலுக்கு இப்போது ஓய்வு கட்டாயம் வேண்டும்.

தாடைக்குக் கீழே இருக்கும் கொப்புளங்களுக்குக் கிரீம் காரணமல்ல என்று நினைக்கிறேன். நீங்கள் மூன்று பிளேடு ரேசரைக் கீழிருந்து மேலாக இழுக்கிறீர்கள். பல பிளேடு ரேசரில் முன்னால் போகும் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுத்துப் பிடிக்க, பின்னால் வருவது அதை வெட்டும். வெட்டிய நுனி தோலின் மட்டத்துக்கும் கீழே போய்விடும். முடி சுருண்டு வளரும் தன்மை உடையவர்களுக்கு, அந்தக் கூரிய நுனி வளரும்போது வெளியே வராமல் தோலுக்குள்ளேயே குத்தும். உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணிச் சண்டை போடுவதுதான் அந்தக் கொப்புளம். கழுத்தில் முடி வளரும் திசை இடத்துக்கு இடம் மாறும். இரண்டு நாள் தாடியோடு இருக்கும்போது கழுத்தை விரலால் எல்லாப் பக்கமும் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருக்கும் திசைதான் முடியின் திசை. அந்தத் திசையிலேயே பிளேடை இழுங்கள், தோலை இழுத்துப் பிடிக்காமல், அழுத்தாமல். ஒற்றை பிளேடு ரேசருக்கு மாறுவது உங்களுக்கு நல்லது. கன்னம் சற்றுச் சொரசொரப்பாகவே இருக்கும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

சவரத்தைக் குளித்து முடித்த உடனே வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைத் துடைக்க வேண்டாம். ஈரம் சொட்டும் முகத்தில் கிரீமை மெல்லிய படலமாகத் தடவி, விரல் நுனிகளால் முடிக்கு எதிராகச் சிறு வட்டங்களாகத் தேய்த்து, ஒரு நிமிடம் விடுங்கள். காய்வதுபோல் தெரிந்தால் ஈரக் கையால் ஒருமுறை வருடுங்கள். இந்தக் கிரீம் பிளேடுகளின் இடுக்கில் மெழுகாக அடைத்துக்கொள்ளும். ஒவ்வோர் இழுப்புக்கும் ரேசரைத் தண்ணீரில் அலச வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் குளித்தாலும், முகத்தைக் கடைசியாகக் கழுவ ஒரு சொம்பு நல்ல தண்ணீர் தனியாக எடுத்து வையுங்கள். சோப்பு குறைவு என்றாலும் உப்புத் தண்ணீரில் இந்தக் கிரீமும் கொஞ்சம் பிசுபிசுப்பை விட்டுப்போகும், அது கழுத்து மடிப்பில் தங்கும். துவாலையால் ஒற்றி எடுத்து, நறுமணமற்ற ஈரப்பதக் கிரீமைத் தடவுங்கள். படிகாரம் வெட்டுக்காயத்தில் ரத்தத்தை நிறுத்தும், ஆனால் முகம் முழுவதும் தேய்த்தால் காயவைக்கும். உங்களுக்கு இப்போது வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது இந்தக் கிரீம் டியூபையும் கொண்டுபோய், ஒட்டுச் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். சந்தேகப்படும் பொருள்களைச் சிறு சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, மீண்டும் ஓரிரு நாள் கழித்தும் பார்ப்பார்கள். அந்த நாள்களில் முதுகை நனைக்கக் கூடாது, முதுகில் ஸ்டீராய்டு தடவியிருக்கவும் கூடாது. நறுமணமா லேனோலினா என்பது அதில் தெரிந்துவிடும். லேனோலின் என்று வந்தால், உதட்டுக்குத் தடவும் களிம்பு, பித்தவெடிப்புக் கிரீம், குழந்தைக்கு வாங்கும் கிரீம் ஆகியவற்றின் அட்டைகளிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘வூல் ஃபேட்’, ‘வூல் ஆல்கஹால்’ என்ற பெயர்களிலும் அது வரும். கொப்புளங்களில் சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தடிப்பு வட்டமாக விளிம்பு கட்டிப் பரவினாலோ சோதனை தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே காட்டிவிடுங்கள்.